திறக்காத கதவு பிழையல்ல

முப்பத்திரண்டு வயதில் எனக்குப் பிரியாவிடை வைத்தார்கள். நாவற்குடாவில் இருக்கும் எங்கள் சின்ன அலுவலகத்தில் மாலை போட்டு, கேக் வெட்டி, சுவர்க்கடிகாரம் ஒன்றும் தந்தார்கள். "ஓய்வுபெற்ற அதிகாரி இப்ப ரெண்டு வார்த்தை பேசுவார்" என்று கூட வேலை செய்யும் ஷிபானா அறிவித்தபோது எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். பட்டதாரி நியமனம் கிடைத்து, வாவிக்கு அக்கரையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியனாகப் போகிறேன். படித்து முடித்த நாளிலிருந்து செய்த ஒரே வேலையை விட்டுவிட்டுப் போகிறவனை வேறு எப்படிச் சொல்வது? ஓய்வுபெற்றவன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு இரண்டு வார்த்தையும் பேச வரவில்லை. பேசாமல் விட்டது எவ்வளவு பிழை என்று அடுத்த கிழமையே தெரிந்தது. என் இடத்துக்கு வந்திருக்கும் நிரோஜன் தொலைபேசியில் கூப்பிட்டான்.

"அண்ணன், ஒரு பெரிய பிழையக் கண்டுபிடிச்சிரிக்கன்."

"என்ன?"

"அந்தக் கண்ணகை அம்மன் கோயில் இரிக்கில்ல? நம்மட செயலியில அதிட கதவு திறக்குதில்ல. சனம் எழுதிக் கிடக்கு, வேலை செய்யுதில்ல எண்டு. நான் பின்னேரத்துக்குள்ள திருத்திப் போடுறன்."

"தொடாத!" என்று நான் போட்ட சத்தத்தில் வீட்டுக்குள் இருந்த அம்மா வெளியே வந்துவிட்டார். "ஆருக்கு மனே ஏசுறாய்?"

அந்தக் கதவு ஏன் திறக்காது என்பதை நிரோஜனுக்குத் தொலைபேசியிலேயே சொன்னேன். ஆனால் நிரோஜனுக்குப் பிறகு இன்னொருவர் வருவார். அவரும் திருத்த நினைப்பார். ஆகவே எழுதி வைக்கிறேன்.

எங்கள் வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஒரு செயலி செய்கிறோம். மட்டக்களப்புக்கு ஊர் பார்க்க வருகிறவர்கள் அதைக் கைத்தொலைபேசியில் இறக்கி, காதில் மாட்டிக்கொண்டு நடப்பார்கள். கோட்டை வாசலுக்கு வந்தால் கோட்டையின் கதை கேட்கும். கூத்துக் களரிக்குப் பக்கத்தில் வந்தால் மத்தளம் கேட்கும், பிறகு கூத்துப் பழக்கும் அண்ணாவியார் பேசுவார். வாவியில் தோணி போகும்போது தோணி நிற்கும் இடத்தை அறிந்து குரல் பேசும். வர முடியாதவர்கள் கண்ணில் கண்ணாடிப் பெட்டியை மாட்டிக்கொண்டு, இருந்த இடத்திலிருந்தே சுற்றிப் பார்க்கலாம்.

என் தகப்பன் வாவியில் இறால் பிடித்தவர். அவர் வீட்டாரில் பள்ளிக்கூடத்தை முழுவதாக முடித்தவன் நான்தான். பல்கலைக்கழகம் முடித்து நியமனத்துக்குக் காத்திருந்த காலத்தில், சும்மா இருக்கக் கூடாதே என்று இந்த வேலைக்கு வந்தேன். "என்ன வேலை மனே?" என்று அப்பா கேட்டார். "நடந்து பேசுற வேலை" என்றேன். "அதுக்கா இவ்வளவு படிச்ச?" என்று கேட்டுவிட்டு வலையை எடுத்துக்கொண்டு போனார்.

உண்மையிலேயே நடந்து பேசுகிற வேலைதான். என்னைப் பழக்கியவர் டெரிக் சேர், எங்கள் முதலாளி. போர்த்துக்கேயர் வழி வந்த நகரத்துப் பறங்கியர், தச்சு வேலைக் குடும்பத்தில் பிறந்து, றேடியோ திருத்தி, ஒலிபெருக்கி கட்டி, கடைசியில் இதில் வந்து நின்றவர். பதிவு செய்ததைக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்வார். பிடிக்காத இடம் வந்தால் ஒரு விரல் மேலே போகும். பிழை என்று அவர் வாய் சொல்லாது. "திருப்பி நட" என்பார். அவ்வளவுதான்.

முதல் வருடம் முழுக்க நான் திருப்பித் திருப்பி நடந்தேன்.

முறை இதுதான். ஓர் இடத்தைப் பதிவு செய்ய முதல் அந்த வழியைப் பேசாமல் ஒருதரம் நடக்க வேண்டும். எங்கே நிழல், எங்கே வெயில், எங்கே கால் தடக்கும் என்று பார்க்க வேண்டும். அடுத்த நடையில் ஒலிவாங்கியைச் சட்டையில் குத்திக்கொண்டு, கையில் கடதாசி இல்லாமல், பக்கத்தில் ஒருவர் வருகிற மாதிரி நினைத்துப் பேச வேண்டும். வெயிலில் சுருக்கமாக, நிழலில் ஆறுதலாக. பிறகு டெரிக் சேர் அதைக் காதில் மாட்டிக்கொண்டு தானே நடப்பார். நான் பின்னால் போவேன். கோட்டைச் சுவரில் பீரங்கி இருக்கும் இடத்துக்கு அவர் வந்து சேர முதல் என் குரல் பீரங்கியைப் பற்றிப் பேசிவிட்டது என்றால் அவர் நின்றுவிடுவார். விரல் மேலே போகும்.

"காலுக்கு முன்னால வாய் போகக்கூடா மேன். திருப்பி நட."

வாவியில் இன்னும் கஷ்டம். தரையில் ஓர் இடத்தைக் குறித்து, மனிதர் அந்த வட்டத்துக்குள் கால் வைத்தால் குரல் பேசும் என்று வைக்கலாம். தண்ணீரில் அப்படி முடியாது. கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் தோணி நாம் நினைத்த இடத்தில் நிற்காது. ஆகவே வட்டத்தைப் பெரிதாக்கினோம். மீன் பாடும் என்கிற இடத்துக்கு நான் மூன்று நிமிடக் கதை பதிவு செய்திருந்தேன். சேர் அதைக் கேட்டார். விரல் முதல் சொல்லிலேயே மேலே போனது. கடைசியில் நின்றது ஒரே வசனம்: "இனி நான் பேசமாட்டேன், நீங்கள் கேளுங்கள்." அதற்குப் பிறகு செயலி மௌனமாகிவிடும். மீன் பாடியதா இல்லையா என்பது அவரவர் காதைப் பொறுத்தது. அந்த இடத்தைப் பற்றி இதுவரை ஒருவரும் குறை எழுதியதில்லை.

பிறகு இயந்திர மொழிபெயர்ப்பு வந்தது. நான் தமிழில் பேசினால் ஆங்கிலம், ஜேர்மன், பிரெஞ்சு, சிங்களம் எல்லாவற்றிலும் தானே பேசும் என்றார்கள். பேசத்தான் செய்தது. எங்கள் வாயில் வரும் தமிழ் அதற்குப் பழக்கமில்லை என்பதுதான் சிக்கல். வாவியைக் கடக்க வள்ளங்களை இணைத்து மேலே பலகை போட்டு ஓட்டும் மிதவையை நாங்கள் பாதை என்போம். "பாதையில் ஏறி அக்கரைக்குப் போங்கள்" என்று நான் சொன்னதை அது தெருவில் ஏறிப் போகச் சொல்லிவிட்டது. ஒரு சோடி வெள்ளைக்காரர் துறையடியில் நின்று, தண்ணீருக்குள் எங்கே தெரு என்று தேடினார்களாம். கச்சான் காற்றைக் கடலைக்காற்று என்று மொழிபெயர்த்தது. எங்களுக்கு மேல்காற்றும் கச்சான், தின்கிற நிலக்கடலையும் கச்சான். ஷிபானா ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

ஷிபானாவை இங்கே சொல்லிவிட வேண்டும். செயலியை உண்மையில் கட்டியவள் அவள். காத்தான்குடிக்காரி, வாப்பாவுக்கு மெயின் வீதியில் புடைவைக்கடை. நான் பேசுவதைக் கணினிக்குள் போட்டு ஓட வைப்பது அவள் வேலை. "நீங்க வாயால நடங்க, நான் விரலால நடக்கன்" என்பாள்.

இயந்திரம் செய்த பெரிய கூத்து என் ஊரில்தான் நடந்தது. பழுகாமத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அங்கே கண்ணகை அம்மன் கோயில் இருக்கிறது. வருடத்தில் வைகாசி மாதம் மட்டும் சில நாட்கள் அதன் கதவு திறக்கும். அந்த நாட்களை நாங்கள் சடங்கு என்போம். கடைசி நாள் குளிர்த்தி; மதுரையை எரித்த அம்மனின் கோபத்தைப் பாட்டுப் பாடிக் குளிரவைத்து, கதவைச் சாத்திவிடுவார்கள். அடுத்த வைகாசி வரை கதவு சாத்தித்தான் கிடக்கும்.

சடங்கு என்ற சொல்லை இயந்திரம் இந்தியத் தமிழில் விளங்கிக்கொண்டது. "அம்மன் சடங்கு" என்பது ஆங்கிலத்தில், வயதுக்கு வந்த பெண்ணுக்குச் செய்யும் கொண்டாட்டம் என்று போய்விட்டது. அந்த வைகாசியில் ஒல்லாந்து தேசத்து முதிய தம்பதியர் கையில் பரிசுப்பெட்டியோடு ஊருக்குள் வந்து, பெண் வீடு எது என்று விசாரித்தார்கள். பெட்டிக்குள் கண்ணாடி வளையல்.

சனம் சிரித்துக் களைத்துவிட்டது. கோயிலைப் பொறுப்பாகப் பார்ப்பவரை எங்கள் பக்கம் வண்ணக்கர் என்போம். எங்கள் வண்ணக்கர் எனக்கு மாமா முறை. அவர் மட்டும் சிரிக்கவில்லை. தம்பதியைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய், வளையலை வாங்கி அம்மன் காலடியில் வைத்தார். "புள்ளைக்கெண்டு கொண்டந்தது. அவளும் புள்ளைதானே" என்றார். அந்தப் பெண்மணி அழுதுவிட்டார். பிறகு மாமா என்னைத் தேடிப் பிடித்தார்.

"மருமகன், அம்மாளச் சாமத்தியப்பட வெச்சிட்டியேடா."

அம்மாளைச் சாமத்தியப்பட வைத்தவன் என்ற பட்டம் எனக்கு ஊரில் நிலைத்துவிட்டது. இந்தக் கூத்துக்குப் பிறகுதான் மொழிபெயர்த்த ஒவ்வொரு மொழிக்கும் அந்த மொழி தெரிந்த ஒருவரை இருத்திக் கேட்கும் வழக்கத்தை டெரிக் சேர் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்துச் சொற்களுக்குத் தனியாக ஓர் அகராதியும் ஷிபானா கணினிக்குள் கட்டினாள். சடங்கு அதில் முதல் சொல்.

இனி அந்தக் கதவுக்கு வருகிறேன்.

கொழும்பில் ஹோட்டல்கள் நடத்தும் ஒரு நிறுவனம் எங்களிடம் வந்தது. தங்கள் விருந்தினருக்கு வாவிக்கரையின் பண்பாட்டைக் கண்ணாடிப் பெட்டி வழியே காட்ட வேண்டும் என்றார்கள். மற்ற இடங்கள் எல்லாம் சுலபமாக ஒப்புக்கொள்ளப்பட்டன. அவர்கள் பட்டியலில் முதலாவதாக நின்றது எங்கள் ஊர்க் கோயில். வளையல் கதையை யாரோ எழுதி, அது எல்லா நாட்டுக்கும் போயிருந்தது. உள்ளே நாலு பக்கமும் பதிவாகும் வட்டக் கமரா வைத்து ஒருதரம் பதிவு செய்தால் போதும், வருடம் முழுக்கக் காட்டலாம் என்றார்கள். அவர்களுடைய கணக்கும் விளங்கக்கூடியதுதான். பயணிகள் வருவது ஆடி, ஆவணியில். சடங்கு வைகாசியில். வந்தவர்கள் எல்லாம் சாத்திய கதவைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள்.

டெரிக் சேர் என்னைப் பார்த்தார். "உன்ட ஊர். நீ கதைச்சு வா. ஓம் எண்டா செய்வம். இல்ல எண்டா, முழு வேலையும் அவங்க வேற ஆளுக்குக் குடுப்பாங்க."

கோயில் முன்றிலில் வண்ணக்கர் மாமா வைக்கோல் கட்டிக்கொண்டிருந்தார்.

"என்ன மருமகன், மந்திரப் பெட்டியக் கொண்டந்தியா?"

நான் விளக்கினேன். அம்மனுக்குக் கிட்டப் போகமாட்டோம், வாசலில் சனம் நிற்கும் இடத்தில் கமரா நிற்கும் என்றேன்.

"பாத்துட்டு?"

"உலகத்தில எங்க இருந்தும் பாக்கலாம் மாமா."

"எப்ப?"

"எந்த நாளும்."

கையில் இருந்த கயிற்றைக் கீழே போட்டார். மடியை அவிழ்த்து, கோயில் பூட்டின் திறப்பை எடுத்து என் முன்னால் நீட்டினார். "இந்தா, புடி. எந்த நாளும் திறக்கிறதெண்டா இது என்ட மடியில என்னத்துக்கு? நான் வயலுக்குப் போறன்."

"மாமா, அது படம்தானே..."

"படம்தான். சாமத்திய வீட்டுக்கு வளையல் கொண்டந்த சனமும் படத்தப் பாத்துத்தான் வந்திச்சு. சனத்துக்குப் படமும் ஒண்டுதான் கதவும் ஒண்டுதான் மருமகன். குளிர வெச்சுச் சாத்தின ஆள ஒவ்வொரு நாளும் எழுப்பினா, ஆர் திருப்பிக் குளிர வைக்கிற?"

அவர் சொன்னதில் எனக்கும் நம்பிக்கை உண்டு. படித்ததால் அது போய்விடவில்லை. திறப்பை நான் வாங்கவில்லை. அவரும் கொஞ்ச நேரம் நீட்டியபடியே நின்றுவிட்டு மடியில் கட்டிக்கொண்டார்.

அன்று பின்னேரமே அக்கா சுவிஸிலிருந்து கூப்பிட்டாள். அம்மா எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தார். அக்கா கலியாணம் முடித்து அங்கே போனவள். ஒரு வைத்தியசாலையில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. மூத்த மகன் வருத்தமாகக் கிடந்தபோது அம்மனுக்கு நேர்ந்து வைத்தவள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை ஆவணியில்தான் என்பதால் அவளுக்கும் ஆவணியில்தான் வர முடியும்.

"மாமாட கதையக் கேட்டு உட்டுப் போடாத தம்பி. ரெண்டு தரம் வந்தன். ரெண்டு தரமும் பூட்டுக்குத்தான் கற்பூரம் கொளுத்தின. எனக்கெண்டாவது எந்த நாளும் பாக்கிற மாதிரிச் செய்யன்."

"அவர் ஓம் எண்ணுறாரில்ல அக்கா."

"நீ கேக்கிற மாதிரிக் கேட்டா ஓம் எண்ணுவார். நீ கேட்டிரிக்கமாட்டாய்."

அன்றிரவு எல்லாவற்றையும் கூட்டிக் கழித்துப் பார்த்தேன். வேலை போனால் அலுவலகத்தில் ஆட்களைக் குறைக்க வேண்டி வரும். மாமாவின் சொல்லை மீறினால் ஊரில் கால் வைக்க முடியாது. அக்காவோ அழுகிறாள்.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேரும் இருந்து கதைத்தோம். நடந்ததைச் சொன்னேன். டெரிக் சேர் கண்ணை மூடிக் கேட்டார். விரல் மேலே போகவில்லை. மதியம் நெருங்கியதும் ஷிபானா வீட்டுக்குப் போக எழும்பினாள். எழும்பியவள் அப்படியே நின்றாள்.

"சேர், வெள்ளிக்கிழமையில ஜும்ஆ நேரம் எங்கட வாப்பா கடைய இழுத்துச் சாத்துவார். வெளியூர்ச் சனம் வாசல்ல வந்து நிக்கும். ஒருத்தரும் கடை பழுதாப் போச்செண்டு சொல்லுறல்ல. எத்தின மணிக்குத் திறப்பாங்க எண்டுதான் கேக்காங்க. நம்மட கதவையும் சாத்தி வெச்சா என்ன?"

"எந்தக் கதவ?" என்று நான் கேட்டேன்.

"செயலிக்குள்ள இரிக்கிற கதவ. வண்ணக்கர் திறக்கக்குள்ள திறக்கட்டும். அவர் சாத்தினா இதும் சாத்தட்டும்."

டெரிக் சேர் கண்ணைத் திறந்தார். "காலுக்கு முன்னால வாய் போகாது" என்றார்.

அதற்குப் பிறகு வேலை ஓடியது. பதிவு இல்லை, கதவு திறந்திருக்கும் நேரம் மட்டும் நேரடியாக ஒளிபரப்புவது என்று வைத்தோம். திறக்கும் நேரத்தை யார் சொல்வது என்பதுதான் முதல் கேள்வி. நாட்காட்டியில் போட்டு வைக்க முடியாது; கதவு திறக்கும் வேளையைக் கோயிலார்தான் வைப்பார்கள். அலுவலகத்தில் ஒருவர் இருந்து அழுத்துவது என்றால் திறப்பு மறுபடி எங்கள் கையில்தான். மாமாவிடம் இருப்பது பொத்தான் உள்ள பழைய தொலைபேசி. ஷிபானா அதற்கே வழி செய்தாள். மாமாவின் இலக்கத்திலிருந்து ஒரு மிஸ்ட் கோல் வந்தால் கதவு திறக்கும். அடுத்த மிஸ்ட் கோலுக்குச் சாத்தும். உலகத்தில் வேறு எந்த இலக்கத்துக்கும் அது அசையாது.

மாமாவிடம் போய்ச் சொன்னேன். தொலைபேசியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப இதும் ஒரு திறப்பு."

"ஓம் மாமா."

"காசு போகுமா?"

"மிஸ்ட் கோலுக்குக் காசு போகா."

"நான் சாத்தினதுக்குப் பொறகு ஆரும் திறக்க ஏலாதே?"

"ஏலா."

"நீயும்?"

"நானும்."

"நீ வேல மாறிப் போனா?"

"அப்பயும் ஏலா மாமா. சொல்லு தாறன்."

தொலைபேசியையும் திறப்போடு சேர்த்து மடியில் கட்டினார். கமரா எங்கே நிற்பது என்பதை அவரே காட்டினார். பெண்கள் நிற்கும் வரிசைக்குப் பின்னால், தூணோடு. "அம்மாளப் பாக்கிற சனத்துக்குப் பின்னால நிக்கட்டும். அம்மாளப் போல நிண்டு சனத்தப் பாக்கக்கூடா." உருவேறி ஆடுகிறவர்கள் முகம் படத்தில் வரக்கூடாது என்றார். வட்டக் கமராவின் பின்பாதியை நாங்கள் மறைத்துவிட்டோம். கண்ணாடிப் பெட்டியை மாட்டிக்கொண்டு பின்னால் திரும்பினால் வெறும் இருட்டுத்தான்.

கதவு சாத்தியிருக்கும் காலத்துக்கு நான் ஒரு பதிவு செய்தேன். சாத்திய கதவு, மேலே கட்டிக் காய்ந்த மாவிலை, கோயிலுக்குப் பின்னால் இருக்கும் வயல் வட்டையில் நெற்கதிர் அசையும் சத்தம். என் குரல் கொஞ்சம்தான்: உள்ளே அம்மன் குளிர்ந்து இருக்கிறாள், வைகாசியில் கதவு திறக்கும். அந்தச் சின்னப் பதிவுக்கு டெரிக் சேர் என்னை எத்தனை தரம் நடக்க வைத்தார் என்று கேட்காதீர்கள்.

ஹோட்டல் நிறுவனத்திலிருந்து நதீஷா மிஸ் பார்வையிட வந்தார். சிங்களப் பெண், நன்றாகவே தமிழ் பேசுவார். கண்ணாடிப் பெட்டியை மாட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். நாங்கள் மூன்று பேரும் சுற்றி நின்றோம். கோட்டை பார்த்தார், தோணியில் போனார், சிரித்தார். கோயில் வந்தது. கதவுக்கு நேரே முகத்தைத் திருப்பினார். பிறகு கையை முன்னால் நீட்டி, வெறும் காற்றில் கதவைத் தள்ளினார். இன்னொருதரம் தள்ளினார்.

"இது எப்ப திறக்கும்?"

டெரிக் சேரின் விரல் மேலே போனது. "மிஸ், உங்கட விருந்தாளிகளும் இதைத்தான் கேப்பாங்க. கேட்டா, வைகாசியில வரச் சொல்லுங்க. வைகாசியில உங்கட அறையெல்லாம் சும்மாதானே கிடக்கு?"

நதீஷா மிஸ் பெட்டியைக் கழற்றிவிட்டு அவரைப் பார்த்தார். கோபம் என்று நினைத்தேன். சிரித்துவிட்டார். மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்று போனவர், ஒரு மாதம் எங்களைக் காய வைத்துவிட்டு ஓம் என்றார். ஷிபானா அலுவலகம் முழுக்கக் கச்சான் வாங்கிப் பகிர்ந்தாள். தின்கிற கச்சான்.

முதல் வைகாசியில் மாமா கதவைத் திறந்தார். கையில் விளக்கோடு நின்று மடியைத் தடவித் தொலைபேசியை எடுத்து, பொத்தானை அழுத்தி, ஒருதரம் மணியடித்ததும் வெட்டினார். நான் முன்றிலில் நின்று என் தொலைபேசியில் பார்த்தேன். கதவு திறந்தது. சங்கு ஊதும் சத்தம் கோயிலிலிருந்து ஒருதரமும் என் கையிலிருந்து இன்னொருதரமும் கேட்டது.

ஒரே ஒரு குழப்பம் நடந்தது. மார்கழியில் மாமா வயலுக்குள் குனிந்தபோது மடிக்குள் இருந்த தொலைபேசி அழுத்துப்பட்டு, கதவு திறந்துவிட்டது. கமரா அப்போது எங்கள் அலுமாரிக்குள் கிடந்தது. அம்மனைப் பார்க்கலாம் என்று ஓடி வந்தவர்களுக்கு அலுமாரி இருட்டுத்தான் கிடைத்தது. அதற்குப் பிறகு இரண்டு மிஸ்ட் கோல் அடுத்தடுத்து வந்தால்தான் திறக்கும் என்று மாற்றினோம்.

அக்காவின் கதைதான் மிச்சம். அந்த முதல் வைகாசியில் வேலை இடைவேளையில் கொஞ்சம் பார்த்தாள். ஆனால் குளிர்த்தி நாளில் வேலை நெருக்கடி. அவள் தொலைபேசியைத் திறந்தபோது மாமா சாத்திவிட்டார்.

"தம்பி, திருப்பி ஒருக்காப் போடன். பாட்டு மட்டும்."

"ஏலா அக்கா."

"ஏலாதா, விருப்பமில்லையா?"

"ரெண்டும்தான். சொல்லுக் குடுத்திட்டன்."

"ஊருக்கு வந்தாலும் பூட்டு, போனுக்குள்ள பாத்தாலும் பூட்டு. நல்ல படிப்புத்தான் படிச்சிரிக்காய்." வைத்துவிட்டாள். பல நாள் என்னோடு பேசவில்லை. அம்மாவோடு மட்டும் பேசினாள். அவள் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். அதனாலேயே கஷ்டமாக இருந்தது.

தைப்பொங்கல் கழிந்து ஒரு நாள் அவளே கூப்பிட்டாள். எடுத்த எடுப்பில் சிரிப்பு.

"தம்பி, வேலையில வைகாசிக்கு லீவு கேட்டன். பிள்ளையள இவர் பாப்பார். எங்கட வேலையிடத்துப் பெரியவ, பள்ளிக்கூட விடுமுறையும் இல்லாம என்னத்துக்கு லீவு எண்டு கேட்டா. ஊரில ஒரு கதவு திறக்கப்போகுது எண்டன்."

"அதுக்கு அவ?"

"கதவு திறக்கிறதப் பாக்கவா இவ்வளவு தூரம் போறாய் எண்டா. உன்ட செயலியக் காட்டினன். சாத்தின கதவ நல்லாப் பாத்தா. எப்ப திறக்கும் எண்டு கேட்டுட்டுக் கையெழுத்து வெச்சா."

இந்த வைகாசிதான் அது. நியமனக் கடிதம் கையில் வந்துவிட்டது. நான் அலுவலகத்தில் கடைசி வேலையாக ஒளிபரப்பைப் பார்த்துக்கொள்ள நாவற்குடாவில் இருந்தேன். ஊருக்குப் போயிருக்கலாம், ஷிபானா போகத்தான் சொன்னாள். கடைசித் தரம் ஒழுங்காகப் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போவோம் என்று இருந்துவிட்டேன். டெரிக் சேர் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார்.

குளிர்த்தி நாளில் மாமாவின் மிஸ்ட் கோல் ஒன்று வந்தது. அடுத்தது வந்தது. திரையில் கதவு திறந்தது. பெண்கள் வரிசையில் எல்லோருக்கும் முதுகுதான் தெரிந்தது. அதில் அம்மாவின் நரைத்த கொண்டை. பக்கத்தில் அம்மாவின் கையைப் பிடித்தபடி, அக்காவுக்கு நான் வாங்கிக் கொடுத்த நீலச் சேலை.

பார்த்தபடியே இருந்தேன். ஒருதரம் திரும்பிக் கமராவைப் பார்த்துக் கை காட்டுவாள் என்று நினைத்தேன். சின்ன வயதிலிருந்து அவள் அப்படித்தான். படம் எடுக்கும் இடத்தில் முதல் ஆளாக நிற்பாள்.

சேர் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "எப்பிடி மேன்? திருப்பி நடக்கணுமா?"

"இல்ல சேர்."

குளிர்த்திப் பாட்டு முடிந்து கதவு சாத்தும் வரை அக்கா திரும்பிப் பார்க்கவில்லை.